ஒரே விலாசத்தில் நாற்பத்தொரு பேர்

கிழக்கு லண்டனில், லேட்டன்ஸ்டோன் பிரதான வீதியில் இரண்டு பைகளோடு நடந்துகொண்டிருந்தபோது கைத்தொலைபேசி ஏழாவது தடவையாக அடித்தது. எடுக்கவில்லை. முதல் ஆறு அழைப்புகளிலும் ஒரே கேள்விதான்: "அண்ணை, என்ர வீட்டு அப்ளிகேஷன் திறக்குதில்லை, என்ன நடந்தது?" ஆறு பேருக்கும் உள்ளதைச் சொன்னேன். நாலாவது ஆள் என் தாயை இழுத்துத் திட்டினார். ஆறாவது ஒரு பெண். கடைசிவரை கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்க மனம் வரவில்லை.

அது 2009 ஐப்பசி. நாலைந்து மைல் தள்ளி, செவன் கிங்ஸில் எனக்குத் தெரிந்த ஒருவன் இருந்தான். ஜெர்மனியில் ஒரே அகதி முகாமில் இருந்தவன். அவனுடைய அறையில் நிலத்தில் படுக்கலாம் என்று சொல்லியிருந்தான். பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் ஒரு இடத்தை விட்டுப் போகும்போது நான் நடந்துதான் போவேன். ஸ்டுட்கார்ட்டையும் பாசலையும் அப்படித்தான் விட்டேன். நடந்தால்தான் விட்டு வந்துவிட்டோம் என்பது காலுக்குத் தெரியும்.

நான் விட்டு வந்தது ஒரு கடை. அது இருந்த இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பகுதி நகரசபையான கவுன்சிலிலும் அந்தக் கடைக்காரரிலும் பெரிய பிழை இல்லை. பிழை என்னுடையது.

கடையின் முன்பக்கம் மரக்கறி, கருவாடு, போன் கார்ட். பின்பக்கம் ஐந்து கம்ப்யூட்டர்கள். அவற்றுக்குப் பக்கத்தில் என் மேசை. ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மூன்று நாடுகளில் அலுவலக வரிசைகளில் நின்றவன் நான். எந்த நாட்டுப் படிவமும் கேட்பது ஏறக்குறைய ஒன்றைத்தான்: நீ யார், எங்கே இருக்கிறாய், உன்னோடு எத்தனை பேர், உனக்கு என்ன வேண்டும். மொழி அரைகுறையாகத் தெரிந்தாலும் கேள்வியின் இடம் தெரிந்தால் போதும். மேல் வலது மூலையில் கேட்பது எப்போதும் ஏதோ ஒரு இலக்கத்தைத்தான்.

அந்த வருடங்களில்தான் கவுண்டர்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டு எல்லாம் திரைக்குள் போய்க்கொண்டிருந்தன. விசாவுக்கும் வரிக்கும் மத்திய அரசின் தளங்கள். வயோதிபரின் பஸ் பாஸுக்கும் பிள்ளைகளின் பயண அட்டைக்கும் லண்டன் முழுவதற்குமான இன்னொரு தளம். வீடு, பள்ளிக்கூடம், குப்பை எல்லாம் கவுன்சிலின் தளத்தில். ஒன்றுக்கு மற்றதைத் தெரியாது. எங்கள் ஆட்களுக்கோ அரசாங்கம் என்றால் ஒன்றுதான். "விசாக்காரருக்கு விலாசம் மாத்தினது அறிவிச்சனான்தானே, பிறகேன் கவுன்சில் பழைய வீட்டுக்குக் கடிதம் போடுறான்?" என்று மேசைக்கு முன்னால் இருந்து என்னோடு சண்டை பிடிப்பார்கள். நான்தான் அரசாங்கம் என்பதுபோல. கடைக்காரரும் வாடிக்கையாளர்களுக்கு என்னைக் காட்டி, "எங்கட ஆள் ஒரு குட்டிக் கவுன்சில்" என்பார். எனக்கு அது பிடித்திருந்தது. மறைக்க வேண்டியதில்லை.

வைகாசியில் வன்னியில் போர் முடிந்த பிறகு வந்தவர்கள் முதலில் கேட்டது படிவம் அல்ல. வவுனியா முகாம்களில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் எங்காவது போட்டிருக்கிறார்களா என்று தேடச் சொன்னார்கள். தேடுவேன். பெயர் இருக்காது. பிறகு, "சரி, அந்தப் படிவத்தையாவது நிரப்பிவிடுங்கோ" என்பார்கள்.

அப்படி வந்தவர்தான் நான் சொல்லப்போகும் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு பிள்ளைகள். ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்தார். சுவரில் கையளவு கறுப்பாகப் பூஞ்சணம். இளைய பிள்ளைக்கு இழுப்பு; நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பம்ப் அடிக்க வேண்டும். கணவர் தாயைக் கூட்டி வரவென்று வன்னிக்குப் போய் அங்கேயே அகப்பட்டவர். சித்திரைக்குப் பிறகு தகவல் இல்லை. அந்தப் பெண்ணை நான் 'பிள்ளை' என்று கூப்பிடுவேன். அவர் என்னை 'அண்ணை' என்பார்.

குறைந்த வாடகைக்குக் கவுன்சில் கொடுக்கும் வீட்டுக்கு அவர் பதிந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அந்த நாலு வருடம்தான் அவருடைய சொத்து. ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலியான வீடுகளைத் தளத்தில் போடுவார்கள். எது வேண்டும் என்று அழுத்த வேண்டும். யார் கூடக் காலம் காத்திருக்கிறாரோ, யாருக்குத் தேவை கூடவோ அவருக்குப் போகும். ஆவணியில் இளைய பிள்ளையின் டாக்டர் கொடுத்த கடிதத்தையும் சேர்த்தோம். புரட்டாதிக் கடைசியில் ஒரு நிலமட்ட வீட்டுக்கு அவர் வரிசையில் இரண்டாவதாக வந்தார். திரையில் அந்த இலக்கத்தைக் காட்டியபோது சிரித்தார். நான் பார்த்த ஒரே தடவை.

"அண்ணை, ரெண்டு எண்டால் அடுத்தது நானோ?"

"வாற கிழமை இல்லாட்டி அதுக்கு அடுத்த கிழமை."

"ஜன்னல் இருக்கிற வீடாப் பாத்து அமத்துங்கோ."

இனி என் பிழை.

ஜெர்மனியில் குடியுரிமை கிடைக்கும்வரை, ஐரோப்பாவில் அலைந்த காலம் முழுவதும் எனக்கென்று ஒரு விலாசம் இருந்ததில்லை. பாரிஸில் ஒரு கடை இருந்தது. அந்தக் கடை விலாசத்துக்குத்தான் எங்களில் அறுபது எழுபது பேருக்குக் கடிதம் வரும். கடைக்காரர் ஒரு பெட்டிக்குள் போட்டு வைப்பார். எவன் எந்த ஊரில் கோப்பை கழுவினாலும், மாதம் ஒருமுறை போய் எடுத்துக்கொள்வான். ஒரு கடிதமும் தொலைந்ததில்லை. மற்றவன் கடிதத்தை எவனும் உடைத்ததில்லை. எங்கள் ஆட்கள் பலர் அப்படித்தான் வாழ்ந்தார்கள். எனவே படிவங்களில் மின்னஞ்சல் விலாசம் கேட்கத் தொடங்கியபோது நான் இரண்டாவது தடவை யோசிக்கவில்லை. கடைக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்து எல்லோருக்கும் அதையே போட்டேன். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட். "உங்களுக்கு வாறதெல்லாம் என்னட்டை வரும், நான் பாத்துச் சொல்லுறன்" என்றேன். அவர்களுக்கும் அது இயல்பாகத்தான் பட்டது. ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

அந்தக் கோடையில் பக்கத்துக் கவுன்சில்கள் சில சேர்ந்து வீட்டுப் பதிவுக்கு ஒரு புதிய பொதுத் தளம் தொடங்கின. பழைய ஆட்கள் எல்லோரும் திரும்பப் பதிய வேண்டும்; காத்திருந்த காலம் பதிவோடு கூடவே வரும். இரண்டு கிழமைக்குள் நாற்பத்தொரு குடும்பங்களைப் பதிந்தேன். நாற்பத்தொன்றுக்கும் அதே மின்னஞ்சல். தளம் ஏற்றுக்கொண்டது.

ஐப்பசி முதல் கிழமையில் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'இந்த இரண்டு பதிவுகளும் ஒரே ஆளுடையவை போலத் தெரிகின்றன. உறுதிப்படுத்தவும்.' கீழே ஒரு பச்சைப் பொத்தான். அன்று காலை மேசைக்கு முன்னால் ஒன்பது பேர் நின்றார்கள். அந்தப் பெட்டிக்கு ஒரு நாளைக்கு அறுபது மின்னஞ்சல் வரும். பாதிக்கு மேல் எதையாவது உறுதிப்படுத்தச் சொல்பவை. பச்சைப் பொத்தானைக் கண்டால் அழுத்துவது என் கைப்பழக்கமாகியிருந்தது. அழுத்தினேன்.

எங்கள் ஆட்களில் கனபேரின் பிறந்த தேதி தை மாதம் முதலாம் தேதி, அதாவது ஜனவரி ஒன்று. வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டில் அப்படிப் போட்டான், அல்லது பத்திரம் இல்லாமல் வந்தவருக்கு அதிகாரி அப்படி எழுதினார். அந்தப் பெண்ணுக்கும் அதே தேதிதான். என்னிடம் பதிந்த இன்னொரு பெண்ணுக்கும் அதே தேதி, அதே ஆண்டு. பெயர் வேறு. ஆனால் கல்யாணம் கட்டினால் பெயர் மாறுகிற நாடு அது. கம்ப்யூட்டர் பெயரைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒரே தேதி, ஒரே மின்னஞ்சல். இரண்டும் ஒருவர்தானா என்று கேட்டது. நான் ஆம் என்றேன். பிந்திய பதிவை வைத்துக்கொண்டு முந்தியதை அழித்துவிட்டது. முந்தியது அவருடையது.

அடுத்த வியாழக்கிழமை அவர் வந்து உட்கார்ந்தார். இலக்கத்தைத் தட்டினேன். அப்படி ஒரு பதிவு இல்லை என்றது. திரும்பத் தட்டினேன். பழைய மின்னஞ்சல்களைத் தேடி அந்தப் பச்சைப் பொத்தானைக் கண்டுபிடித்தபோது அவர் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, சொல்லுங்கோ."

சொன்னேன்.

"அப்ப நாலு வருசம்?"

"புதுசாப் பதிஞ்சால் இண்டையில இருந்துதான் எண்ணுவாங்கள்."

அவர் எழுந்து மரக்கறிப் பக்கம் போய், தக்காளிப் பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்தார். "நாளைக்கு என்னோட கவுன்சிலுக்கு வாறீங்களோ? என்ர பிழை இல்லை எண்டு நீங்களே சொல்லுங்கோ" என்றார்.

ஓம் என்றேன். கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். அந்தப் பெண் போனதும் என்னைக் களஞ்சிய அறைக்குள் கூப்பிட்டார்.

"ஐசே, நீர் அங்கை போய் என்ன சொல்லப்போறீர்?"

"நடந்ததை."

"நடந்தது எண்டால்? நாற்பத்தொரு பேருக்கு ஒரே ஈமெயில் எண்டோ? உமக்கு மண்டை கழண்டுபோச்சோ? அவன் இதைக் களவு எண்டுதான் பாப்பான். ஒருத்தன் நாற்பது பேரில வீடு கேக்கிறான் எண்டு. எல்லாற்றையும் நிப்பாட்டுவான்."

"அண்ணை, அவவின்ர சின்னப் பிள்ளைக்கு இழுப்பு."

"மற்ற நாற்பது வீட்டிலயும் பிள்ளையள் இல்லையோ? ஒருத்தியைக் கரையேத்த நாற்பது பேரைத் தண்ணிக்குள்ள தள்ளப்போறீர். புதுசாப் பதிஞ்சு குடும். நான் அவவுக்கு ரெண்டு மூட்டை அரிசி குடுக்கிறன்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்று பின்னேரம் முழுவதும் அதைத்தான் யோசித்தேன். அந்த நாற்பது குடும்பங்களையும் எனக்குத் தெரியும். யாருடைய தாய்க்குப் படியேற ஏலாது, எந்த வீட்டில் சமையலறையில் பாய் விரிக்கிறார்கள் என்று எல்லாம் நான்தான் நிரப்பினேன். ஆனால் அந்தப் பச்சைப் பொத்தான் இன்னொரு நாள் அவர்களில் இன்னொருவருக்கும் வரும். அப்போதும் முன்னால் ஒன்பது பேர் நிற்பார்கள். அது நல்ல காரணம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தப் பெண் முகத்துக்கு நேரே கேட்டார், நான் ஓம் என்றுவிட்டேன், அவ்வளவுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கவுன்சிலில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண். பொறுமையாகக் கேட்டார். ஒரு மின்னஞ்சலை எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்று கேட்டார். அந்த இடத்தில் இரண்டு என்று சொல்லியிருக்கலாம். அவர் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால் சொல்லவில்லை. நல்லவன் என்பதால் அல்ல. "நாற்பத்தொன்று" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்களுடையது ஒரு நிறுவனமா என்று கேட்டார். இல்லை, மரக்கறிக் கடை என்றேன்.

நடந்ததை எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார். என் ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதினேன். இதை வைத்து இவருடைய பழைய தேதியைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று மேலிடம் ஆராயும், மூன்று மாதம் ஆகலாம் என்றார். அதுவரை வீடு கேட்க முடியாது. மற்றப் பதிவுகள் எல்லாம் இப்போதே நிறுத்தப்படும். ஒவ்வொருவரும் அடையாளப் பத்திரத்தோடு நேரில் வந்து, சொந்த மின்னஞ்சல் கொடுத்தால் திறந்துவிடப்படும் என்றார். "எனக்கு வேறு வழி இல்லை" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு ஏதோ ஒன்றை அழுத்தினார். அவர் அழுத்திய பொத்தான் என்ன நிறம் என்று எங்கள் பக்கத்தில் தெரியவில்லை.

முன்மண்டபத்தில் பொதுமக்களுக்கான கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. என்னோடு வந்த பெண் நேரே அதற்கு முன்னால் போய் இருந்தார்.

"எனக்கெண்டு ஒரு ஈமெயில் திறக்கோணும். காட்டித் தாங்கோ. நீங்கள் அடிக்க வேண்டாம், நான் அடிக்கிறன்."

ஒற்றை விரலால் தட்டினார். பெயருக்கே ஐந்து நிமிடம் எடுத்தது. நான் பக்கத்தில் நின்று, இங்கே, இனி இங்கே என்று காட்டினேன். பாஸ்வேர்ட் கேட்கிற இடம் வந்தது. விரலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணை, அங்கால பாருங்கோ."

திரும்பி நின்றேன். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் செடி இருந்தது, அதைப் பார்த்தேன். பின்னால் ஒவ்வொரு எழுத்தாக விழுகிற சத்தம் கேட்டது. பிழை விட்டார் போல; அழித்துவிட்டுத் திரும்பத் தட்டினார். முடிந்ததும், "இனி என்ர கடிதங்களை நானே பாக்கிறன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று போனார். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

நான் கடைக்குத் திரும்புவதற்கு முன்னமே செய்தி வந்துவிட்டது. கடை மின்னஞ்சலில் நாற்பது மின்னஞ்சல்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, எல்லாம் ஒரே தலைப்போடு: 'உங்கள் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.' கடைக்காரர் என் கதிரையில் இருந்து அவற்றை எண்ணிக்கொண்டிருந்தார். கத்தவில்லை.

"மேல அறையில இருக்கிற உம்மட சாமான்களை எடும்" என்றார். "சனம் வரமுதல் போயிடும். இருந்தால் அடி விழும், பிறகு பொலிஸ், பிறகு எனக்குக் கரைச்சல்."

"அண்ணை, ஆக்கள் எல்லாரும் பத்திரங்களோட கவுன்சிலுக்குப் போகவேணும். அதை மட்டும் சொல்லிவிடுங்கோ."

"சொல்லுறன். நீர் செய்த வேலையை நான்தானே சொல்லோணும்."

சொல்லியிருக்கிறார். கடைக் கதவில் தமிழில் எழுதி ஒட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நாற்பதில் பெரும்பாலானோருக்கு மார்கழிக்குள் திறந்துவிட்டார்கள். ஆறேழு பேருக்கு அடையாளப் பத்திரத்தில் ஒரு தேதியும் விசாப் பத்திரத்தில் இன்னொரு தேதியும் இருந்ததால் கனகாலம் இழுபட்டது. ஒருவர் பயந்து பதிவையே விட்டுவிட்டார். அந்தப் பெண்ணுக்குத் தை கடைசியில் பழைய தேதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் இளைய பிள்ளையை இரண்டு தடவை ஆம்புலன்ஸில் ஏற்றியாகிவிட்டது. வீடு எப்போது கிடைத்தது, ஜன்னல் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. கணவரைப் பற்றியும் தெரியாது. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அன்று நடந்து முடித்தபோது பின்னேரம் நாலரை மணி. இல்ஃபோர்ட் தாண்டியதும் ஒரு கை விரல்கள் விறைத்து, பையை மாற்றி மாற்றித் தூக்க வேண்டியிருந்தது. தொலைபேசியை அணைத்துவிட்டேன். செவன் கிங்ஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த வீட்டில் கூட்டாளி கதவைத் திறந்தான். என் பைகளைப் பார்த்தான்.

"என்ன மச்சான், ஆரையும் வெட்டிப்போட்டியோ?"

"நாற்பத்தொரு பேரை."

"சாப்பிட்டியோ?"

"இல்லை."

புட்டும் மீன் குழம்பும் இருந்தது. சாப்பிடும்போது கதையைச் சொன்னேன். நிலையத்துக்கு எதிரே இருந்த வேலை ஏஜென்சி சனிக்கிழமையும் ஏழு மணிக்குத் திறக்கும், ஜெர்மன் பாஸ்போட் இருந்தால் அன்றைக்கே அனுப்புவார்கள் என்றான்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குப் போனேன். அங்கே இருந்த இளைஞன் என் பாஸ்போட்டைப் பிரதி எடுத்தான். என்னென்ன மொழி தெரியும் என்று கேட்டான். சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது. ஒரு அலுவலகத்தில் ஆட்கள் இணையத்தில் படிவம் நிரப்ப உதவுவதற்குத் தமிழ் தெரிந்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், மேசை வேலை, திங்கட்கிழமையே தொடங்கலாம் என்றான். வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். பார்க்கிங் என்ற ஊரில் ஒரு களஞ்சியம் இருக்கிறது, ஆட்களை ஏற்றும் வான் இன்றைக்கே போகிறது, ஆனால் அது ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்றரைப் பவுண் குறைவு என்றான். அங்கே ஆட்களோடு பேச வேண்டுமா என்று கேட்டேன். இல்லை என்றான். அதைத் தரச் சொன்னேன்.

அது ஜன்னல் இல்லாத நீண்ட கட்டடம். வெவ்வேறு அலுவலகங்களின் பழைய கோப்புகள் பெட்டி பெட்டியாகக் கூரைவரை அடுக்கியிருந்தன. எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுகிறார்கள். தாளைப் படமெடுக்கும் இயந்திரத்துக்குள் ஸ்டேப்ளர் பின் போனால் இயந்திரம் கெட்டுவிடும். எனவே ஒவ்வொரு கோப்பாக எடுத்து, ஸ்டேப்ளர் பின்களையும் கிளிப்புகளையும் கழற்றி, மடிந்த மூலைகளை நிமிர்த்தி, தாள்களை ஒழுங்காக அடுக்கி, அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். மேற்பார்வையாளர் ஒரு சிறிய இடுக்கியைக் கையில் தந்து, இரண்டு விதிகள் சொன்னார். தாள்களின் ஒழுங்கு மாறக்கூடாது. எதையும் வாசிக்கக்கூடாது.

முதல் கோப்பில் பதினேழு பின்கள் இருந்தன. சில துருப்பிடித்துத் தாளோடு ஒட்டிப்போயிருந்தன. அவற்றை நகத்தால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் தாள் கிழியும். பத்து மணிக்குள் பெருவிரலில் இரத்தம் வந்தது. தாளில் படாமல் துடைத்துவிட்டு அடுத்த கோப்பை எடுத்தேன்.